ஓடம் வண்டியில் ஏறிய நாள்

கார் கொட்டகையின் உத்தரத்தில்
ஒன்பது வருடமாய்க் கவிழ்ந்து தொங்கியது ஓடம்.
பச்சை நிறம். அறுபத்தெட்டு பவுண்டு.
தள்ளுபடியில் வாங்கியது,
ஓய்வு பெற்றதும் ஓட்டலாம் என்று.
அடியில் என் காரை நிறுத்தும்போது
தலைக்கு மேல் ஒரு வாக்குறுதி தொங்குவதாக
எனக்குப் பட்டதே இல்லை;
இடிக்காமல் நிறுத்தவேண்டும், அவ்வளவுதான்.

டுலூத்தில் பாதி வருடம் பனி.
ஞாயிறு இரவுகளில் ஆர்விட்
கணினியில் கட்டங்களைத் திறப்பான்.
இரும்புத்தாது ஏற்றும் துறைமுகத்தில்
முப்பத்தோரு வருடம் நெம்புகோல் இழுத்த கை
சுட்டியை அவ்வளவு மென்மையாகப் பிடிக்கும்.
அறுபத்தேழில் இவ்வளவு,
எழுபதில் இவ்வளவு,
தொண்ணூற்று நான்கு வரை பயமில்லை.
நாங்கள் வெளியே சாப்பிடாத இரவுகளெல்லாம்
அந்தக் கட்டங்களுக்குள்தான்
குட்டி போட்டுக்கொண்டிருக்கின்றன.
சிறுகக் கட்டியாயிற்று, என்று கேட்பேன்,
பெருக வாழ்வது எந்தக் கட்டத்தில்?

அவனைக் குறை சொல்லவும் முடியாது.
அவன் அண்ணன் ஹார்லன்
கைக்கு வந்ததை வந்த அன்றே வாழ்ந்தவன்.
அலாஸ்கா, மோட்டார் சைக்கிள், மூன்று கல்யாணம்.
எழுபத்தொரு வயதில் இப்போது
பேரங்காடி வாசலில்
பனிச்சேற்றில் சிக்கிய தள்ளுவண்டிகளைக்
கோத்துக் கோத்துத் தள்ளுகிறான்.
ஆர்விட் காருக்குள் இருந்தபடி,
இஞ்சினை அணைக்காமல்,
கொஞ்ச நேரம் பார்ப்பான்.
வீட்டுக்கு வந்து மாதச் சேமிப்பில்
ஐம்பது டாலர் கூட்டுவான்.
ஹார்லனோ எங்களைக் கண்டால்
கையுறையைக் கழற்றி ஆட்டிவிட்டு
கரடி துரத்திய கதையை மறுபடி ஆரம்பிப்பான்.
மூக்கு ஒழுகும். நிறுத்தமாட்டான்.

மார்ச்சில் ஆர்விட்டின் தோள்.
"கையைத் தூக்குங்கள்" என்றாள் இயன்முறைப் பெண்.
தூக்கினான்.
"இன்னும்."
"இதுதான் இன்னும்."
பிளாஸ்டிக் கோணமானியை வைத்துப் பார்த்து
நூற்றுப் பத்து என்று எழுதினாள்.
போன வருடம் நூற்று நாற்பது.

அன்றிரவு அவன் தூங்கியபின்
பணத்தின் வரிசைக்குக் கீழே
புதிதாக ஒரு வரிசை சேர்த்தேன்: தோள்.
அவனுடைய சூத்திரத்தையே இழுத்து
மற்ற கட்டங்களை நிரப்பினேன்.
அறுபத்திரண்டிலேயே சுழிக்குக் கீழே போனது.
தோள் அப்படித் தேயாது, தெரியும்.
அவன் ஒன்றும் சொல்லவில்லை.
அடுத்த வாரம் பார்த்தேன்.
வரிசையை அழிக்கவில்லை;
என் கணக்கில் இருந்த தப்பை மட்டும்
திருத்தி வைத்திருந்தான்.

மே மாதம், ஏரிகள் உருகிய பின், ஒரு வெள்ளிக்கிழமை.
சம்பளமில்லாத விடுப்பு.
ஓடத்தை இறக்கினோம், அவன் ஒரு முனை, நான் ஒரு முனை.
பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவளின் கைகளில்
இத்தனை பலம் இருப்பது
எனக்கே அன்றுதான் தெரிந்தது.
முனைப் பலகைக்கு அடியில் எலிக்கூடு.
பரணில் போட்டிருந்த
ஓய்வூதியக் கணக்கின் பழைய அறிக்கைகள்
நூல் நூலாய்க் கிழிந்து, மெத்தையாய்.
இருபத்தெட்டு வருடச் சேமிப்பில்
முதலில் காலை நீட்டிப் படுத்தது
அந்த எலிதான்.
ஆர்விட் சிரித்தான். சிரித்துக்கொண்டே
ஒரு துண்டில் மிஞ்சிய எண்களை
வாசித்துப் பார்த்தான்.
பழக்கம்.

ஓடமும் ஒருநாள் வண்டியில் ஏறும் என்பார்கள்.
ஏறியது. கயிறு இரண்டு முறை தளர்ந்தது.
வடக்கே ஒரு சின்ன ஏரி,
நிழல் விழும் கரையில் இன்னும் பனிக்கட்டி.
நாற்பது நிமிடம்.
காற்று திரும்பியதால் நாங்களும் திரும்பினோம்.
துடுப்பை மடியில் வைத்து
மனத்துக்குள் பெருக்கினான்.
"இந்த ஒரு நாளுக்கு
கடைசியில் மூன்று நாள் கூடுதலாக உழைக்கணும்."
உழையேன், என்றேன்.
அவன் முழங்கையிலிருந்து
தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

மற்ற வெள்ளிக்கிழமைகளைப் பற்றி
இன்னும் பேசவில்லை.
ஓடம் மட்டும் உத்தரத்துக்குத் திரும்பவில்லை.
கொல்லையில், இரண்டு மரக்கட்டைகள் மேல்,
குனியாமல் தூக்குகிற உயரத்தில்
கிடக்கிறது.